என்ஜினை மாற்றுமுன் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள்

இரு சக்கர வாகனக் கடன் பெற்ற வாடிக்கையாளர்கள், குறிப்பாக இளைஞர்கள், எங்களிடம் அவ்வப்போது கேட்பதுண்டு: "வண்டி என்னுடையது, தவணையைத் தவறாமல் கட்டுகிறேன். பெரிய என்ஜினைப் பொருத்திக்கொண்டால் வங்கிக்கு என்ன?" கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் இது வங்கியோடு முடிகிற விஷயமன்று.

இந்த ஆசை புதியதுமன்று. 1985இல் இந்தியாவில் அறிமுகமான யமஹா ஆர்.எக்ஸ். 100இன் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் ஓடும் தொலைவும் 50 மி.மீ. ஆகவே அது 98 சி.சி. பின்னர் வந்த ஆர்.எக்ஸ். 135இல் ஓட்டம் அதே 50. விட்டம் மட்டும் 58. கொள்ளளவு 132 சி.சி.யாக உயர்ந்தது. இரண்டும் உடன்பிறப்புகள் போன்றவை ஆதலால் சிறிய வண்டியில் பெரிய என்ஜினை ஏற்றுவது பட்டறைகளுக்குக் கைவந்த வேலையாயிற்று. பழைய புல்லட் 350, 500 ஆகியவற்றின் கதையும் இதுவே: ஓட்டம் இரண்டிலும் 90 மி.மீ.; விட்டம் முறையே 70, 84.

என்ஜின் பொருந்திவிடலாம், பிரேக் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமே. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 ஆக உயர்ந்தால், வண்டியை நிறுத்த பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. பிரேக், செயின், சேசிஸ் யாவும் பழைய என்ஜினைக் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, இதில் தெளிவாக இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இதையே உறுதி செய்தது. மின்கலம், சி.என்.ஜி. போன்ற மாற்று ஆற்றலுக்கு அங்கீகரிக்கப்பட்ட உபகரணங்களைப் பொருத்துவதற்கு விதிவிலக்கு உண்டு. கூடுதல் வேகத்துக்கு இல்லை. 2019 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வகை செய்கிறது.

அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று எண்ணுவோர் உண்டு. எங்கள் கவலை அதுவன்று; காப்பீடு.

கடன் பத்திரம், பதிவுச் சான்றிதழ், காப்பீட்டுப் பாலிசி ஆகிய மூன்றிலும் வண்டியை அடையாளம் காட்டுபவை சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும். வங்கியின் ஹைப்பாதிகேஷன் குறிப்பும் அவ்வாறு அடையாளம் காட்டப்பட்ட வண்டியின் மீதுதான். வேறு என்ஜின் ஏறியதும் அந்த மூன்று ஆவணங்களும் வேறொரு வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றன. வண்டி களவு போனாலோ நொறுங்கினாலோ, ஆய்வாளர் முதலில் ஒப்பிடுவது இந்த எண்களைத்தான். இழப்பீடு மறுக்கப்படலாம், தவணை மட்டும் நிற்காது. இல்லாத வண்டிக்குக் கடன் கட்டுவது போன்ற மனவேதனை வேறில்லை.

இதைவிடக் கடுமையானது, சாலையில் பிறர் அடிபடும் நிலை. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், வரி நீங்கலாக, 150க்கு மேல் 350 சி.சி. வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், 350 சி.சி.க்கு மேல் 2,804 ரூபாய். 346 சி.சி. என்று பாலிசி எடுத்துவிட்டு 499 சி.சி.யில் ஓடினால், முக்கியத் தகவல் மறைக்கப்பட்டது என நிறுவனம் வாதிட இடமுண்டு. பாதிக்கப்பட்டவருக்குத் தொகையை முதலில் நிறுவனம் கொடுத்து, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதும் உண்டு. உயிரிழப்பு வழக்கில் அத்தொகை பல லட்சங்களாக இருக்கும். மிச்சமானதோ 1,438 ரூபாய்!

பழுதான என்ஜினுக்குப் பதில் அதே வகை, அதே திறன் கொண்ட என்ஜினைப் பொருத்துவது வேறு விஷயம். கடன் நிலுவையில் இருந்தால் முதலில் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவித்துத் தடையின்மைச் சான்று பெறுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் புதிய எண்ணைச் சான்றிதழில் பதியுங்கள். பின்னர் காப்பீட்டு நிறுவனத்திடம் பாலிசியைத் திருத்தச் சொல்லுங்கள். என்ஜினுக்கு ரசீது இன்றியமையாதது. டெல்லி மாயாபுரியிலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய என்ஜின் வாங்கினாலும் ரசீதில் என்ஜின் எண்ணை எழுதி வாங்குங்கள். அது திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பெரிய வண்டிதான் வேண்டுமெனில், இருக்கும் கடனை அடைத்து, ஹைப்பாதிகேஷன் குறிப்பைப் படிவம் 35 மூலம் நீக்கி, வண்டியை விற்றுவிட்டுப் புதியதற்கு விண்ணப்பிப்பதே எங்கள் யோசனை. முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளவும்.

பழைய வண்டி வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. முன்பணம் கொடுக்குமுன், கிராங்க்கேஸில் பொறித்திருக்கும் என்ஜின் எண்ணைத் துணியால் துடைத்து, சான்றிதழில் உள்ள எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் தேய்க்கப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் அவ்வண்டியை விட்டுவிடுங்கள்.