உங்களுக்குத் தெரியுமா? கண்ணில் படாத ரயில்

'தி காட்ஃபாதர்' (1972) படத்தில் மைக்கேல் கார்லியோனி முதன்முறையாகக் கொலை செய்யும் உணவகக் காட்சியில் ஒரு ரயில் வருகிறது. ஆனால் திரையில் ஒரு கணம்கூட அதைப் பார்க்க முடியாது!

எதிரே, அவன் கொல்ல வந்திருக்கும் சொலாட்சோ இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே போகிறான். சப்டைட்டில் கிடையாது. பின்னணி இசையும் இல்லை. கேமரா மெல்ல மெல்ல மைக்கேலின் முகத்தை நெருங்குகிறது. அவன் எதையும் காதில் வாங்கவில்லை. கண்கள் மட்டும் அலைபாய்கின்றன. தண்டவாளத்தில் சக்கரம் உரசும் கிறீச்சொலி ஏறிக்கொண்டே போய், எதிராளியின் பேச்சையே விழுங்கிவிடுகிறது. அது உச்சத்தைத் தொடும்போது மைக்கேல் எழுந்து சுடுகிறான்.

இந்த ஒலியைச் சேர்த்தவர் வால்டர் மர்ச். பின்னாளில் 'அபோகாலிப்ஸ் நவ்' (1979) படத்தின் ஒலிக்காக ஆஸ்கர் வாங்கியவர். காட்சி நடக்கும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தலைக்கு மேலே ரயில் ஓடுவது சகஜம் என்பதால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. ஆனால் உணவகத்துக்குள் அது அவ்வளவு பலமாகக் கேட்க நியாயமே இல்லை. நம் காதில் விழுவது, சுடுவதா வேண்டாமா என்று மைக்கேலின் மண்டைக்குள் நடக்கும் போராட்டம்தான். மைக்கேலாக வரும் அல் பசீனோவின் அபாரமான நடிப்போடு அந்த ஓசையும் சேர்ந்துதான் நம்மை இருக்கை நுனிக்குத் தள்ளுகிறது.

அடுத்த முறை பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நினோ ரோட்டாவின் இசை தொடங்குவது, மைக்கேல் துப்பாக்கியைக் கீழே போட்ட பிறகுதான்.