காப்பி யந்திரத்துக்கும் குளியல் உண்டு!

"என்ன காப்பி இது? கஷாயம் மாதிரி இருக்கிறதே!"

எங்கள் மாடி வீட்டு மாமா இப்படிச் சொன்னதும் மாமியின் முகம் வாடிவிட்டது. பிள்ளை தன் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கென்று ஆசையாக வாங்கித் தந்த எஸ்பிரஸோ யந்திரம் அது. வந்த புதிதில் மாடிப்படி வரை மணத்தது. ஆறே மாதத்தில் கசப்பும் சிக்கு வாடையுந்தான் மிச்சம்!

"பரணில் போட்டுவிட்டுப் பழைய பில்டரையே எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். ஆனால், தீபாவளிக்குப் பிள்ளை வந்து கேட்டால் என்ன சொல்வேன்?" என்றாள் மாமி.

"கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள், மாமி?"

"அதற்கு எதற்குச் சுத்தம்? வெந்நீர்தானே உள்ளே ஓடுகிறது!"

இங்கேதான், சகோதரிகளே, நாம் ஏமாந்து போகிறோம். பில்டரைத் தினமும் தேய்த்துக் கவிழ்க்கும் நாம், யந்திரம் என்றதும் அது தன்னையே கழுவிக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறோம்.

பில்டரில் டிகாக்ஷன் தானாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. யந்திரத்திலோ வெந்நீர், காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 9 மடங்கு அழுத்தத்துடன் தூளைத் துளைத்துக்கொண்டு வருகிறது. 25, 30 வினாடியில் காப்பி தயார். 1940-களில் இத்தாலியில் காஜியா என்பவர் நெம்புகோல் வைத்து இந்த அழுத்தத்தை உண்டாக்கிய பிறகுதான் எஸ்பிரஸோவின் மேல் பொன்னிற நுரை பூத்தது. அந்த அழுத்தம் காப்பியின் எண்ணெயையும் சேர்த்துப் பிழிந்துவிடுகிறது. மணம் தருவதும் அந்த எண்ணெய்தான். ஒட்டிக்கொண்டு சிக்கேறிக் காப்பியைக் கெடுப்பதும் அதேதான்!

ஆகவே முதல் எதிரி எண்ணெய். காப்பி இறக்கியதும் சக்கையைத் தட்டிவிட்டு, தூளில்லாமல் சில வினாடி வெறும் வெந்நீரை ஓடவிடுங்கள். வாரம் ஒரு நாள், தூள் போடும் உலோகக் கிண்ணத்தைக் கழற்றி, காப்பிக் கறை போக்கும் தூள் கலந்த வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். தண்ணீர் இறங்கும் சல்லடையையும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தையும் சிறு பிரஷ்ஷால் தேயுங்கள். குக்கர் காஸ்கெட் மாதிரி இந்த வளையமும் நாளடைவில் இறுகிவிடும். ஓரத்தில் தண்ணீர் கசிந்தால் மாற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று: சிக்கரி கலந்த தூள் பில்டருக்கே இருக்கட்டும். யந்திரத்தில் அது பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது எதிரி பால். நுரைக்க வைக்கும் ஆவிக் குழாயில் பால் நொடியில் காய்ந்து பொருக்காகிவிடும். பாலை எடுத்த கையோடு ஈரத் துணியால் துடைத்து, ஒரு வினாடி ஆவியைத் திறந்து மூடுங்கள். உள்ளே ஏறிய பாலும் வெளியே வந்துவிடும். கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஆவி பொல்லாதது!

மூன்றாவது எதிரி கண்ணுக்குத் தெரியாதது: தண்ணீரில் உள்ள உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் யந்திரத்தின் வயிற்றிலும் படிகிறது. போர்த் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யந்திரத்துடன் வந்த புத்தகம் அனுமதித்தால், லிட்டருக்கு சுமார் 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, பாதியை ஓடவிட்டு, கால் மணி கழித்து மீதியையும் ஓடவிடுங்கள். பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீரால் அலச வேண்டும். வினிகர் வேண்டாம்; அதன் வாடை லேசில் போகாது.

இரண்டு எச்சரிக்கைகள். காப்பி இறங்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைத் திருகிக் கழற்றாதீர்கள். கொதிக்கும் சக்கை முகத்தில் பீறிட்டு அடிக்கும். துடைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். யந்திரத்தைக் குழாயடியில் காட்டிக் கழுவவே கூடாது.

அன்று மத்தியானம் மாமியும் நானும் இதையெல்லாம் செய்தோம். சல்லடையிலிருந்து இறங்கிய கறுப்புத் தண்ணீரைப் பார்த்து, "இதையா ஆறு மாதமாகக் குடித்தோம்!" என்று மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மாமா வாய் திறக்கவில்லை. காலி டம்ளரை மட்டும் மெதுவாக மாமியின் பக்கம் நகர்த்தினார்.

யந்திரம் பரணுக்குப் போகவில்லை. தீபாவளிக்குப் பிள்ளை தாராளமாக வரலாம்!