வியாதி வந்தால் மனசும் விட்டுப்போக வேண்டுமா?

புதுவையின் திருக்கனூர், மண்ணாடிப்பட்டு பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், பஸ் பிடித்து கோரிமேடு ஜிப்மருக்குப் போகிறார்கள். கீமோ ஏற்றுகிறார்கள், கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறார்கள். கட்டி எத்தனை சென்டிமீட்டர் சுருங்கியது என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால், வீடு திரும்பியவர் யாரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால், "இந்த வியாதி வந்தா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அந்த எண்ணம் தவறு.

உலகின் பல நாடுகளில் புற்றுநோயாளிகளிடம் நடந்த 70 ஆய்வுகளை 2011-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 10,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் கடும் மனச்சோர்வு இருந்தது சுமார் 16 சதவீதத்தினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு. மற்ற ஐந்து பேரும் அதே நோயோடுதான் வாழ்கிறார்கள். பயப்படுகிறார்கள், அழுகிறார்கள், ஆனாலும் கடும் மனச்சோர்வில் விழவில்லை. ஆகவே மனச்சோர்வு கடும் நோயின் தவிர்க்க முடியாத விளைவு அல்ல. அது தனி நோய். அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

இதைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். பசியின்மை, தூக்கமின்மை, அசதி ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். புற்றுநோயும் சிறுநீரகச் செயலிழப்பும் இதே தொல்லைகளைத் தருகின்றன. உடலில் அழற்சி மிகும்போது சுரக்கும் சைட்டோகைன் என்னும் புரதங்கள் மூளையையும் எட்டி, சோர்வையும் பிடிப்பின்மையையும் உண்டாக்குகின்றன. அதனால்தான் 1983-இல் மருத்துவமனை நோயாளிகளுக்கென்று உருவான 14 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று, உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு மனநிலையைக் கேட்கிறது. முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்கிறதா, சிரிக்க முடிகிறதா, நாளை குறித்து எதிர்பார்ப்பு இருக்கிறதா? பசி போனதற்கு மருந்து காரணமாக இருக்கலாம். பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும் முகம் மலரவில்லை என்றால் மனத்தைக் கவனிக்க வேண்டும்.

கவனித்தால் என்ன பலன்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு வலியையும் மனத்தையும் கவனிக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை தொடக்கத்திலேயே தரப்பட்டது. முதல் பிரிவில் 38 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன; இரண்டாம் பிரிவில் 16 சதவீதம்தான். உயிர்வாழ்ந்த காலமும் இடைநிலைக் கணக்கில் முதல் பிரிவில் 8.9 மாதம், இரண்டாம் பிரிவில் 11.6 மாதம்.

நம் வீடுகளில் இப்படி மனத்தைக் கவனிப்பதற்குக் குறுக்கே நிற்பது பாசமேதான். "டாக்டர், அப்பாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று மகன் கெஞ்சுகிறான். அப்பாவுக்கோ வார்டில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தே விஷயம் புரிந்துவிடுகிறது. பிள்ளைகள் நொந்துபோவார்களே என்று அவரும் வாய் திறப்பதில்லை. கடன், மகளின் கல்யாணம், சாவு பயம் எல்லாவற்றையும் தனியாகச் சுமக்கிறார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு, அந்த அளவுக்கு உண்மையைச் சொல்வதுதான் சரியான வழி.

புதுவையின் மாஹேயைச் சூழ்ந்திருக்கும் கேரளம் இந்தக் கவனிப்பில் நமக்குப் பாடம். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநீக்கப் பணி, பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தாரே நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பேசும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. நம் கொம்யூன்களிலும் வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியர்கள் இருக்கிறார்கள். பி.பி., சர்க்கரை பார்ப்பதோடு மனசையும் விசாரிக்க அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்.

உங்கள் வீட்டில் கடும் நோயாளி இருந்தால் இன்றைக்கே இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்த ரெண்டு வாரமா மனசு ரொம்பச் சோர்ந்து கிடக்குதா? எதிலயும் பிடிப்பே இல்லாம போச்சா?" ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு எழுந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.