நிரம்பிய பேட்டரியும் நாற்பது வளைவுகளும்

வால்பாறை போய்த் திரும்பிய பொள்ளாச்சி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே வண்டி தானாப் பிடிக்கும்னு சொல்லித்தான் எலெக்ட்ரிக் கார் வித்தாங்க. ராத்திரி பூரா சார்ஜ் போட்டு, காலைல எறங்குனா பிடிக்கவே மாட்டேங்குதுங்க. வண்டில கோளாறுங்களா?”

கோளாறு இல்லை. பேட்டரி நிரம்பியிருந்ததுதான் காரணம்.

இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, அது ஜெனரேட்டராகிவிடும். மின்சாரம் பேட்டரிக்குப் போகும். அந்த வேலையின் பளுவே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். இதே வித்தையைச் செய்யும் ராட்சத இயந்திரங்கள் அதே மலையைக் குடைந்து வைக்கப்பட்டிருக்கின்றன. 400 மெகாவாட் காடம்பாறை மின் நிலையத்தைத்தான் சொல்கிறேன். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை வரும்போது தண்ணீர் இறங்க, அதே இயந்திரம் எதிர்த்திசையில் சுழன்று மின்சாரம் தரும். காடம்பாறை அணை தளும்பிக்கொண்டிருந்தால் தண்ணீரை எங்கே ஏற்றுவது? காருக்கும் அதே கதி. நிரம்பிய பேட்டரியில் மேலும் திணித்தால் செல்கள் கெடும். கட்டுப்பாட்டுக் கருவி ரீஜெனைக் குறைத்துவிடும். பாரம் முழுக்கப் பிரேக்கின் தலையில்.

வரவு எவ்வளவு? வால்பாறையிலிருந்து நாற்பது வளைவுகளைக் கடந்து ஆழியாறு வர, சுமார் 800 மீட்டர் இறக்கம். 1,500 கிலோ காருக்கு அது 3.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் பாதிக்கு மேல் டயரும் காற்றும் தின்றுவிடும். பேட்டரிக்கு ஒரு யூனிட் வந்தால் பெரிது. ஆனால் அவ்வளவு தூரம் செலவில்லாமல் இறங்கியதும் லாபம்தானே!

சமவெளியில்தான் எனக்கு வருத்தம். உடுமலை ரோட்டில், “அதான் ரீஜென் இருக்குதே” என்று விரட்டிப்போய் வேகத்தடைக்குப் பக்கத்தில் காலை எடுக்கிறார்கள். மின்சாரம் பேட்டரியிலிருந்து சக்கரத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாய்ப் போய்விடும். வேகத்தடை தூரத்தில் தெரியும்போதே மிதியைத் தளர்த்துகிறவருக்கு அந்த நட்டமே இல்லை.

லாரி ஓட்டிய என் மாமா, “ஏறுன கியர்லயே எறங்கோணும்” என்பார். டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்தக் கெட்ட பழக்கத்தைச் சிலர் மின்காருக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். நியூட்ரலில் ரீஜென் கிடையாது. மின்சாரமும் வராது, பிடிப்பும் இருக்காது.

கடிதம் எழுதியவருக்கு: அடுத்த முறை வால்பாறையில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிடுங்கள். ஆழியாறு வரும்வரை ரீஜெனைக் கூட்டியே வையுங்கள்.