வன்னியும் அதன் எல்லைகளும்

ஒரு நிலப்பரப்பின் எல்லையை இயற்கை மட்டுமே வகுத்துவிடுவதில்லை. ஆள்வோரின் தேவையும் வகுக்கின்றது. இவ்வுண்மைக்கு ஈழத்து வன்னி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

வன்னி என்னும் பெயரைத் தமிழர் ஆனையிறவுக்குத் தெற்கேயுள்ள காடும் குளமும் செறிந்த நிலத்துக்கு வழங்குவர். பிறர்க்கு எளிதில் அடங்காமையால் அஃது அடங்காப்பற்று எனவும் பெயர்பெற்றது. சிங்கள வழக்கிலோ இப்பெயர் நுவரகலாவியையும் குருநாகலின் வடபகுதியையும் தழுவி நிற்கின்றது.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னியை யானைத் திறை தரும் நாடாகவே கண்டனர். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுக்கள் வன்னியர் ஆட்சியில் இருந்தன. 1803 ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படைத்தலைவன் திறிபேக்கிடம் தோல்வியுற்றான். 1833 இல் ஆங்கிலேயர் வன்னியை நுவரகலாவியோடு வடமாகாணத்துள் அடக்கினர். 1873 இல் நுவரகலாவியைப் பிரித்து வடமத்திய மாகாணத்துட் சேர்த்தனர். இவ்வாறு எழுதுகோலொன்றே எல்லையை மாற்றிற்று.

சுதந்திரத்தின் பின்னரும் இந்நிலை மாறவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து 1984 இல் பிரிக்கப்பட்ட கிளிநொச்சி, மக்கள் வழக்கில் வன்னியாயினும், தேர்தலில் யாழ்ப்பாணத்தோடு சேர்ந்தது. வன்னித் தேர்தல் மாவட்டத்துள் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றுமே அடங்கும்.

1987 ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தமிழ் பேசும் மக்கள் பிற இனத்தாரோடு கூடி வாழ்ந்துவரும் வரலாற்று வாழிடங்களாக ஏற்றது. அதன்வழி இணைந்த இரு மாகாணங்களின் இணைப்புச் செல்லாதென 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவ்விரு மாகாணங்களும் கூடுமிடத்தில் உள்ளது மணலாறு. சிங்களத்தில் வெலிஓயா எனப்படும் அந்நிலம் 1988 இல் மகாவலித் திட்டத்தின் எல் வலயமாயிற்று. தமிழர் அதனைத் தம் நிலத் தொடர்ச்சியின் முறிவாகக் கண்டனர். அரசு அதனை நீர்ப்பாசனக் குடியேற்றமாக உரைத்தது.

ஆகவே, எல்லை என்பது வெறுங் கோடன்று. யார் எங்கே வாக்களிப்பது, எக்குளத்து நீர் யார் வயலுக்குப் பாய்வது என்பனவற்றை அதுவே முடிவு செய்கின்றது. ஒரு நாட்டின் படத்தைக் காண்போர், அதனை வரைந்தவர் யாவர், எதன்பொருட்டு வரைந்தனர் என்று வினவுதல் அறிவுடைமையாகும்.