மலையடிவாரக் கண்மாய்ச் சாலையில் ஒரு சைக்கிள் பயணம்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் வத்திராயிருப்பு வட்டாரக் கண்மாய்களையும், பிளவக்கல்லில் உள்ள பெரியாறு, கோவிலாறு அணைகளையும் நிரப்புகின்றன. வத்திராயிருப்பிலிருந்து கூமாப்பட்டி வழியாக அணைக்குப் போகும் சாலை ஒரு வழிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். வயல், தென்னந்தோப்பு, கண்மாய்க் கரை என்று போகிற இந்தச் சாலை, சைக்கிள் மிதித்துப் பழக விரும்புகிறவர்களுக்குப் பொருத்தமானது. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கு இது கூடுதலாகவே பயன்படும்.

உட்கார்ந்து செய்கிற வேலையும் உடம்பும்

காகிதக் குழாய் உருட்டுவது, திரி செருகுவது, பெட்டி ஒட்டுவது எல்லாமே தரையில் அமர்ந்து குனிந்தபடி செய்கிற வேலைகள். மாலையில் கையும் இடுப்பும் கழுத்தும் ஓய்ந்துபோகின்றன. ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அன்று முழுவதும் வேலையே கிடைத்திருக்காது. அலுப்பு இருப்பதாலேயே உடற்பயிற்சியும் ஆகிவிட்டது என்று நினைப்பது இந்த வட்டாரத்தில் பரவலான தவறு. வயதுவந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் பெற வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரவிடுமுறையில் இரண்டு மணி நேரம் சைக்கிள் மிதித்து, மற்ற நாட்களில் சிறிது நடந்தால் அந்த அளவு நிறைவாகிவிடும்.

சைக்கிளில் உடல் எடையின் பெரும்பகுதியை சீட் தாங்கிக்கொள்கிறது. அதனால் சம்மணமிட்டுத் தேய்ந்த முழங்காலுக்கு ஓட்டத்தைவிட இது இதமானது. தொடைத் தசை வலுப்பட்டால் மூட்டின் சுமையும் குறையும்.

புறப்படும் முன் ஒரு பரிசோதனை

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையிலும் மருந்து செலுத்தும் அறையிலும் வேலை செய்பவர்களின் உள்ளங்கை ரேகைகளில், சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் அலுமினியத் தூள் வெள்ளி நிறத்தில் மினுங்கும். அதே தூளும் கந்தகமும் மூச்சோடு உள்ளே போய்த் தொண்டையையும் மூச்சுக்குழலையும் உறுத்துகின்றன. நாள்பட்ட இருமல், படி ஏறும்போது மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டே சைக்கிளைத் தொட வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. மிட்டாயோ சர்க்கரையோ சட்டைப்பையில் இருக்கட்டும். வேலைக்குப் போட்ட உடுப்போடு பயணம் போவதையும் தவிர்க்க வேண்டும். வியர்வையில் அந்தத் தூள் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் பருவம், எந்த நேரம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் பெருகுகின்றன. மார்கழியிலும் தையிலும் தண்ணீர் நிறைந்திருக்கும், சாலையும் காய்ந்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். ஆண்டில் சிறந்த இரண்டு மாதங்கள் இவையே. மாசி பிற்பகுதியிலிருந்து மலையில் காட்டுத்தீ அபாயம் தொடங்குகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் புதியவர்கள் போகாமலிருப்பதே நல்லது.

ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து மேல்காற்று பலமாக வீசும். அணையை நோக்கிப் போகும்போது அது எதிர்க்காற்று. நிலமும் மேற்கே போகப் போக லேசாக உயர்கிறது. ஆகவே கால் புத்துணர்வோடு இருக்கும் போக்கில் கடினப் பகுதி முடிந்து, திரும்புகையில் காற்றும் சரிவும் துணை வரும்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சதுரகிரி மலைக்குச் செல்லும் பக்தர்களின் வாகனங்களால் வத்திராயிருப்பு, தாணிப்பாறைப் பக்கம் நெரிசலாகிவிடும். அதிலும் ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களை அடியோடு விட்டுவிட வேண்டும். மற்ற நாட்களில் நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, ஒன்பதரை மணிக்குள் திரும்பிவிடலாம்.

காட்டின் எல்லை

இந்த மலைப்பகுதியில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988இல் அறிவிக்கப்பட்டது. 2021இல் அது மேகமலையோடு சேர்க்கப்பட்டு, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமானது. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைவது குற்றம். மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் யானைகள் இறங்கி வருவது இங்கே புதிதல்ல. அந்தி மயங்கிய பிறகும் விடியலுக்கு முன்பும் அவற்றின் நடமாட்டம் அதிகம் என்பதால், பகல் வெளிச்சத்திலேயே பயணம் முடிய வேண்டும். யானை தென்பட்டால் கைப்பேசியை எடுக்காமல், சத்தமின்றி வந்த வழியே திரும்புவதுதான் வழி.

2025இல் சமூக ஊடகக் காணொளிகளால் கூமாப்பட்டியின் பெயர் தமிழகமெங்கும் பரவி, வெளியூர்க் கூட்டம் வரத் தொடங்கியது. அணைக்குள் அனுமதி இருக்கிறதா என்பதை அன்றன்று உள்ளூரில் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டாலும் நட்டமில்லை. பயணத்தின் பயன் சாலையிலேயே கிடைத்துவிடுகிறது.

வண்டியைச் சரிபார்த்தல்

முதலில் பார்க்க வேண்டியது சீட்டின் உயரம். சீட்டில் அமர்ந்து, பெடல் முழுதும் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். பெரும்பாலானோரின் சீட் இதைவிடத் தாழ்ந்தே கிடக்கிறது, முழங்கால் வலிக்கும் அதுவே காரணமாகிறது. பிரேக், செயின், காற்று ஆகியவற்றை முந்தின நாள் மாலையே பார்த்துவிட வேண்டும்.

கண்மாய்க் கரைகளில் சீமைக் கருவேல முள் டயரைக் குத்தும். பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் இல்லாமல் கரைமேல் ஏறக் கூடாது. கிழக்கே கரிசல் பகுதியில் மழைக்கு மறுநாள் மண்தடத்தில் இறங்கினால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரம் சுற்றாது. தார்ச்சாலையே போதும்.

சிவகாசியிலிருந்து முழுத்தொலைவையும் மிதித்து வருவது புதியவர்களுக்கு எளிய பயணம் ஆகாது. நாலைந்து பேர் சேர்ந்து சைக்கிள்களை லோடு ஆட்டோவில் ஏற்றி வத்திராயிருப்பில் இறக்கிக்கொள்ளலாம்.

வேகமும் தண்ணீரும்

பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் தணிக்க வேண்டும். குழுவில் மெதுவாக வருகிறவரே முன்னால் போகட்டும். 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்தால் போதுமானது. முதல் முறை பாதி வழியில் திரும்பினாலும் அது முழுப் பயணமே.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல், கால் மணிக்கு ஒருமுறை சில மிடறு தண்ணீர் குடிக்க வேண்டும். பால்கோவாவும் எண்ணெய்ப் பரோட்டாவும் பயணம் முடிந்த பிறகு அளவாகச் சாப்பிடலாம், புறப்படும் முன் இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் சரி. திரும்பியதும் உப்புப் போட்ட மோர் நல்லது. தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் படுக்கவைத்து உடலை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

பாம்பும் உண்ணியும்

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நஞ்சுமுறி மருந்துதான் உயிரைக் காக்கும்.

அதிகம் பேசப்படாத ஆபத்து உண்ணிக் காய்ச்சல். புதர்களில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சுகளின் கடியால் இது வருகிறது. கடித்த இடத்தில், பெரும்பாலும் இடுப்பிலோ அக்குளிலோ, சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று தோன்றலாம். எனவே ஓய்வெடுக்கும்போது புல்லில் நேரடியாக உட்காராமல் விரிப்புப் போட வேண்டும், வீடு திரும்பியதும் குளித்து உடைகளைத் துவைத்துவிட வேண்டும். பயணம் முடிந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், கண்மாய்க் கரையில் உட்கார்ந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே இது குணமாகிவிடும்.