டிஸ்சார்ஜுக்குப் பின் எங்கே போவது?



குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவர் வீடு திரும்பும் நாளில் அவருடைய மனைவி கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இனி குடிக்க மாட்டாங்கள்ல, டாக்டரய்யா?" இதற்கு மருந்துச் சீட்டில் பதில் எழுத முடியாது.

மருத்துவமனையின் வேலை முக்கியமானதுதான். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களில் சிலர் இல்லாததைக் கண்டு பிதற்றுவார்கள். இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே வீட்டில் அறைக்குள் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். தகுந்த மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் ஒன்றிரண்டு வாரங்களில் உடம்பு தேறிவிடும்.

ஆனால் அவர் திரும்பிப் போவது அதே ஊருக்கு, அதே வேலைக்கு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதியில் பட்டாசு வேலை செய்பவருக்கு சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும். வீட்டுக்குப் போகும் வழியில் கடை இருக்கும். தீபாவளி போனஸும் அதன்பின் ஆலை மூடிக்கிடக்கும் நாட்களும் இன்னும் கடினமானவை. மறுபடி குடித்தால் நஷ்டம் குடும்பத்தோடு நிற்பதில்லை. உராய்ந்தாலே தீப்பிடிக்கும் மருந்தருகில் நடுங்கும் கையோடு ஒருவர் உட்கார்ந்தால், அந்த அறையில் உள்ள எல்லாருக்கும் ஆபத்து.

ஒரு போதகருக்கு வந்த தொலைபேசி

1935ஆம் ஆண்டு மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த பில் என்ற பங்குத் தரகர் வேலை விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வந்திருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த ஓட்டலில் ஒருபக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. அவர் சபைகளின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைத்தார். அந்தத் தொடர்பின் மூலம், குடியால் தவித்துக்கொண்டிருந்த டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். இருவரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் நாளே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ., பிறந்த நாளாக எண்ணப்படுகிறது. 1957இல் டெல்லியில் அது இந்தியாவுக்கு வந்தது.

கூட்டத்தில் என்ன நடக்கிறது?

பலர் நினைப்பதுபோல் அது பிரசங்கமும் அல்ல, வைத்தியமும் அல்ல. சுமார் ஒரு மணி நேரம் வட்டமாக அமர்கிறார்கள். ஒருவர் தம் பெயரை மட்டும் சொல்லி, தாம் குடிநோயாளி என்று ஒப்புக்கொண்டு, பட்டதைச் சொல்கிறார். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறார்கள். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பதுதான் குறிக்கோள். கட்டணம் இல்லை. ஜாதி, மதம் கேட்பதில்லை. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். அங்கே யார் வந்தார், என்ன சொன்னார் என்பது வெளியே போகாது. குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' என்ற தனிக் கூட்டம் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் கேளுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் மறுவாழ்வு மையங்களிலும் விசாரிக்கலாம். மத்திய அரசின் இலவச உதவி எண் 14446. பக்கத்தில் கூட்டம் இல்லையென்றால் மதுரை போன்ற நகரங்களில் விசாரியுங்கள். போன் வழியாக நடக்கும் கூட்டங்களும் உண்டு. முதல் தடவை தனியாக அனுப்பாமல் ஒருவர் வாசல்வரை கூடப் போவது நல்லது. ஒரு கூட்டம் மனதுக்கு ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்குப் போகட்டும்.

கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், 1989இல் மஞ்சக்குடி கிராமத்திலேயே சிகிச்சை முகாம் நடத்தியது. ஊராரும் கை கொடுத்தார்கள். ஊர் சேர்ந்தால் நடக்கும்.

சபையார் செய்யக்கூடியது

இதைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: ஏ.ஏ. உங்கள் காணிக்கையை வாங்காது. வெளியார் பணம் பெறுவதில்லை என்பது அவர்கள் மரபு. ஆனால் ஓர் அறை வேண்டும். சபைக் கூடத்தில் ஓர் அறையைச் சனிக்கிழமை மாலை திறந்துவிடுங்கள். சம்பளக் கவரோடு வருகிறவருக்குப் போக ஓர் இடம் இருக்கட்டும். அவர்கள் சிறு தொகை வாடகையாகத் தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அது அவர்கள் சுயமரியாதை. கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் போதகரின் டைரியில் இருக்கட்டும். 1935இல் வந்ததுபோல் ஓர் அழைப்பு அவருக்கும் வரலாம்.

இன்னொன்று: குடியை விட்டுச் சில வாரங்களே ஆன சகோதரரைச் சாட்சி சொல்ல மேடைக்கு அழைக்காதீர்கள். பிறகு சறுக்கிவிட்டால் வெட்கத்தால் சபைக்கும் வரமாட்டார், கூட்டத்துக்கும் போகமாட்டார். சறுக்கியவரிடம், "அடுத்த கூட்டம் எப்போது? நானும் வருகிறேன்" என்று மட்டும் கேளுங்கள்.

நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நிறுத்தாமல், அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்தான். உங்கள் உதவியால் நாங்கள் காயம் கட்டுகிறோம். சத்திரம் உங்கள் ஊரில்தான் இருக்கவேண்டும்.